சீனம் புகுந்த மாணாக்கர்

பிறந்த மண்ணை விட்டுப் பிற நாட்டில் வாழச் செல்வோர் புறப்படுவதற்கு முன் பல ஆயத்தங்களைச் செய்வர். உடையும் மருந்தும் கட்டுவர். வழிச்செலவுக்குப் பொருள் தேடுவர். நாள் பார்த்துக் கப்பலேறுவர். ஆனால், சென்று சேரும் நாட்டு மக்களின் மொழியும் மரபும் மனப்பாங்கும் எத்தகையன என்பதை அறிந்து, அவற்றிற்கேற்பத் தம்மைப் பக்குவப்படுத்திக்கொண்டு சென்றவர்கள் வரலாற்றில் மிகச் சிலரே. பெரும்பாலோர் போன இடத்திலும் தம் ஊரையே கட்டி எழுப்பிக்கொண்டு அதற்குள் வாழ்ந்தனர். படையும் அரசும் கைவரப் பெற்றவர்களோ, போன இடத்து மக்களைத் தம்மைப்போல் மாற்ற முற்பட்டனர்.

இவ்விரு வழிகளையும் விடுத்து மூன்றாவது வழி ஒன்றைத் தேடியவர்கள், பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சீனம் புகுந்த இத்தாலியர் சிலர். அவர்கள் கிறிஸ்தவ சமயம் பரப்பச் சென்ற இயேசு சபைத் துறவிகள். அவர்தம் நோக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் கொள்கையைப் பொறுத்தது. ஆயினும், அந்நோக்கத்திற்காக அவர்கள் செய்துகொண்ட ஆயத்தமும், சீனப் பண்பாட்டோடு இயைந்து வாழ அவர்கள் பட்ட பாடும் சமய எல்லையைக் கடந்து நிற்பவை. சீனரோடு அடுத்தடுத்த வீடுகளில் வாழும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் அறிந்துகொள்ளத்தக்க செய்திகள் அவற்றில் பல உண்டு. அவ்வரலாற்றின் சில ஏடுகள் மலாக்காவிலும், சில தென்னிந்தியக் கரையிலும் எழுதப்பட்டன என்பதும் குறிப்பிடத்தக்கது.

மூடிய வாயில்

மிங் பேரரசு ஆண்ட அக்காலச் சீனம், அயலார் எளிதில் நுழைய இயலாத நாடாக இருந்தது. 1511ஆம் ஆண்டு மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர், அங்கிருந்து சீனக் கரைக்குக் கலம் செலுத்தினர். பல மோதல்களுக்குப் பின்னர், 1557ஆம் ஆண்டளவில் மக்காவ் என்னும் சிறு நிலக்கூற்றில் தங்கி வாணிகம் செய்ய அவர்களுக்கு இசைவு கிடைத்தது. அதனைத் தாண்டிச் சீனத்தின் உள்நாட்டில் குடியிருக்க அயலார்க்கு உரிமையில்லை. கந்தோன் நகரில் குறிப்பிட்ட காலத்தில் கூடும் வாணிகச் சந்தைக்குச் சென்று, அது முடிந்ததும் திரும்பிவிட வேண்டும்.

இவ்வாயிலைத் திறக்க முயன்று தோற்றவர்களுள் புகழ் பெற்றவர் பிரான்சிஸ் சவேரியார். இந்தியாவிலும் மலாக்காவிலும் ஜப்பானிலும் பணியாற்றிய அவர், சீனத்திற்குள் செல்லும் வேட்கையோடு கந்தோனுக்குத் தெற்கேயுள்ள சாங்சுவான் தீவை அடைந்தார். தம்மை அக்கரை சேர்க்க வருவதாகச் சொன்ன படகை எதிர்பார்த்துக் காத்திருந்த நிலையில், 1552ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் காய்ச்சலுற்று அத்தீவிலேயே உயிர் நீத்தார். அவரது உடல் மறு ஆண்டு மலாக்காவிற்குக் கொண்டுவரப்பட்டு, செயின்ட் பால் குன்றின் மீதுள்ள கோயிலில் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. பின்னரே கோவாவிற்கு எடுத்துச் செல்லப்பட்டது. குன்றேறிச் செல்வோர் கூரையிழந்த அக்கோயிலினுள் அக்குழியை இன்றும் காணலாம்.

சவேரியார்க்குப் பின் கால் நூற்றாண்டுக் காலம் பலர் முயன்றும் பயன் விளையவில்லை. அக்காலத்தில் மக்காவில் வாழ்ந்த துறவியர், சீன மொழி கற்கத்தக்கதன்று என்று எண்ணியிருந்தனர். கிறிஸ்தவ நெறியை ஏற்ற சீனர், போர்த்துகீசியப் பெயர் சூடி, போர்த்துகீசிய உடை அணிந்து, போர்த்துகீசியராகவே மாறிவிட வேண்டும் என்பது அங்கு வழக்கமாயிற்று. ஒருவன் தன் குடும்பத்தையும் மொழியையும் துறந்தாலன்றிப் புதிய நெறியில் சேர இயலாது என்னும் நிலை அது. இத்தகைய விருந்தாளிகளைச் சீனர் ஐயத்தோடு நோக்கியதில் வியப்பில்லை.

மொழியே முதல் ஆயத்தம்

1578ஆம் ஆண்டு கீழ்த்திசை நாடுகளின் பணிகளைப் பார்வையிடும் பொறுப்போடு மக்காவை வந்தடைந்தார் அலெஸ்ஸாண்ட்ரோ வலிஞ்ஞானோ என்னும் இத்தாலியத் துறவி. ஏறத்தாழப் பத்துத் திங்கள் அங்குத் தங்கிய அவர், வாயில் திறவாமைக்குக் காரணம் சீனரிடம் இல்லை, வந்தவர்களிடமே உள்ளது என்று கண்டுகொண்டார். நூற்கல்வியால் ஆளப்படும் ஒரு பெருநாட்டிற்குள், அந்நாட்டு எழுத்தில் ஒன்றையேனும் அறியாதவர்கள் ஆசிரியர்களாகப் புக விரும்பினர். அதுவே தவறு என்பது அவர் முடிபு. ஆகவே, வேறு எப்பணியும் இன்றிச் சீன மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும், அந்நாட்டுப் பழக்க வழக்கங்களைக் கற்கவும் மட்டுமே ஒருவரை அனுப்புமாறு அவர் கோவாவிற்கு எழுதினார்.

அதன்படி 1579ஆம் ஆண்டு மக்காவ் வந்து சேர்ந்தவர் மிக்கேலே ருஜியேரி. இவர் துறவு பூணுமுன் சட்டம் பயின்றவர். இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. முந்திய ஆண்டு இந்தியா வந்தடைந்த உடனே, தென்னிந்தியக் கரையில் பணியாற்ற அனுப்பப்பட்ட இவர், 'மலபார் மொழி'யை ஆறே திங்களில் பேசும் அளவிற்குக் கற்றிருந்தார். அக்காலப் போர்த்துகீசியர் தமிழையும் மலையாளத்தையும் பிரித்தறியாது இவ்வொரு பெயராலேயே வழங்கினர். ருஜியேரி இந்தியாவில் கால் வைத்த அதே 1578ஆம் ஆண்டில்தான், அன்றிக் அடிகளார் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலை அச்சேற்றினார். மக்களின் மொழியிலேயே பேசுதல் என்னும் நெறி சீனத்திற்குச் செல்லுமுன் தென்னிந்தியக் கரையில் முளை விட்டிருந்தது எனலாம்.

மலபார் மொழி எளிதில் வசப்பட்டதுபோல் சீனம் வசப்படவில்லை. ருஜியேரிக்கு அப்போது வயது முப்பத்தாறு. அவர்க்குக் கற்பிக்க இரு மொழியும் அறிந்த ஆசிரியர் எவரும் கிட்டவில்லை. இறுதியில் சீன ஓவியர் ஒருவர் அமைந்தார். ஓவியர் ஒரு குதிரையை வரைந்து காட்டுவார். அதன் மேல் அதற்குரிய எழுத்தைத் தீட்டுவார். 'மா' என்று ஒலித்துக் காட்டுவார். தமிழிலும் குதிரைக்கு 'மா' என்னும் பெயர் உண்டு என்பது இனிய ஒப்புமை. சிறு பிள்ளைகள் படம் பார்த்துப் பெயர் கற்பதுபோல், சட்டம் பயின்ற அறிஞர் ஒருவர் தம் முப்பத்தாறாம் வயதில் மீண்டும் அரிச்சுவடி தொடங்கினார். மக்காவில் இருந்த உடன்துறவியர் சிலர், இது வீண் வேலை என்று இகழ்ந்தனர். வேறு பணிகளைச் சுமத்தி அவர் படிப்பைத் தடுக்கவும் முற்பட்டனர். ஆயினும் அவர் தளரவில்லை.

கல்வியின் பயன் விரைவிலேயே தெரிந்தது. கந்தோன் சந்தைக்குச் சென்ற ருஜியேரி, சீன அதிகாரிகள் முன் அந்நாட்டு முறைப்படி பணிந்து, அவர்கள் மொழியில் பேச முயன்றார். அது கண்டு மகிழ்ந்த அதிகாரிகள், மற்ற அயலார் இரவில் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டியிருக்க, அவர் மட்டும் கரையில் தங்க இடமளித்தனர். சயாம் நாட்டுத் தூதர்கள் வந்தால் தங்கும் இல்லம் அவர்க்கு ஒதுக்கப்பட்டது. படைக்கலம் திறவாத வாயிலைப் பணிவும் பேச்சும் சிறிதே நெகிழ்த்தின.

ரிச்சியின் வருகை

ருஜியேரிக்குத் துணையாக 1582ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மக்காவ் வந்தவரே மத்தேயோ ரிச்சி. இத்தாலியின் மாச்செராத்தா நகரில் 1552ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பிறந்தவர். சவேரியார் சீனக் கரையைப் பார்த்தவாறே உயிர் நீத்தபோது இவர் இரண்டு மாதக் குழந்தை. உரோமையில் கிறிஸ்தோபர் கிளாவியுஸ் என்னும் கணித மேதையிடம் வடிவ கணிதமும் வானியலும் பயின்றார். கடிகாரம், கோளக்கருவி முதலியவற்றைத் தம் கையாலேயே செய்யும் திறம் பெற்றார். எதிர்காலத்தில் இக்கல்வி எவ்வளவு பயன்படும் என்பதை அவர் அப்போது அறிந்திருக்க வழியில்லை.

1578 முதல் 1582 வரை ரிச்சி கோவாவிலும் கொச்சியிலும் வாழ்ந்தார். கொச்சியிலேயே குருப்பட்டம் பெற்றார். அங்கு நிகழ்ந்த ஒன்று அவரது மனப்பாங்கைக் காட்டுகிறது. இந்திய மாணவர்கள் உயர்கல்வி கற்றால் செருக்குறுவர், ஆகவே மெய்யியலும் இறையியலும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டா என்று சிலர் முடிவு செய்தனர். இருபத்தொன்பது வயதே நிரம்பிய ரிச்சி, 1581ஆம் ஆண்டு உரோமையிலிருந்த தம் சபைத் தலைவர்க்கு இதனை மறுத்து மடல் எழுதினார். கல்வியால் செருக்கு வருமாயின் அது ஐரோப்பியர்க்கும் வரும். அதனைக் காரணமாக்கி இந்தியர்க்கு மட்டும் கல்வியை மறுப்பது நேர்மையன்று என்பது அவர் வாதத்தின் சாரம். பிற இனத்தாரைத் தமக்கு நிகராக எண்ணும் உள்ளமே அயல்நாட்டு வாழ்விற்கு வேண்டிய முதற்பொருள் என்றால், ரிச்சி அதனை இந்திய மண்ணிலேயே தேடிக்கொண்டார் எனலாம்.

கோவாவிலிருந்து மலாக்கா வழியாக மக்காவ் சேர்ந்த ரிச்சி, உடனே சீனம் கற்கத் தொடங்கினார். நெடுங்கணக்கும் வேற்றுமை உருபும் கால இடைநிலையும் இல்லாத அம்மொழி, இலத்தீனத்தில் ஊறிய அவர்க்கு வியப்பாயிருந்தது. ஒரே அசை, ஒலிக்கும் தொனிக்கேற்பப் பல பொருள் தந்தது. ருஜியேரியும் ரிச்சியும் சேர்ந்து தொகுத்த போர்த்துகீசிய-சீன அகராதியின் கையெழுத்துப்படி, 1934ஆம் ஆண்டு உரோமையில் கண்டெடுக்கப்பட்டது. ஐரோப்பிய மொழி ஒன்றையும் சீனத்தையும் இணைத்த முதல் அகராதி அதுவே எனப் போற்றப்படுகிறது.

துறவிக் கோலம்

1583ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இருவர்க்கும் கந்தோன் மாநிலத்துச் சாவோசிங் நகரில் குடியிருக்க இசைவு கிடைத்தது. நகர ஆட்சியாளர் வாங் பான் அவர்களுக்கு நிலம் தந்தார். ஆனால் எவ்வுடையில் அவர்கள் வாழ்வது? சீன அதிகாரிகளின் கருத்துப்படி, இல்லறம் துறந்து வழிபாட்டில் ஈடுபடுவோர்க்கு அங்கு ஏற்கெனவே ஓர் உடை இருந்தது. அது பௌத்தத் துறவியின் உடை. ஆகவே இருவரும் தலையையும் முகத்தையும் மழித்துப் பௌத்தத் துறவியர்போல் ஆடை பூண்டனர். வாங் பான் அன்போடு அளித்த பெயர்ப்பலகைகளும் பௌத்தக் கோயிலுக்கு உரிய சொற்களையே தாங்கியிருந்தன.

இன்னுமொரு சுவையான செய்தி உண்டு. ருஜியேரி 1584ஆம் ஆண்டு சீனத்தில் வெளியிட்ட சமய விளக்க நூலில், அதனை இயற்றியவர் 'தியன்சூ நாட்டுத் துறவி' என்று குறிக்கப்பட்டார். தியன்சூ என்பது இந்தியாவிற்குச் சீனர் வழங்கிய பழம்பெயர். மேற்கிலிருந்து வரும் துறவி இந்தியராகவே இருக்க வேண்டும் என்பது ஆயிரமாண்டுக் காலச் சீன நினைவு. இத்தாலியர் இருவர், சீனர் கண்ணுக்கு இந்தியத் துறவியராகத் தோன்றினர். அத்தோற்றத்தை அவர்களும் மறுக்கவில்லை.

அவர்கள் இல்லத்தில் இருந்த உலகப்படம் சீன அறிஞர்களைக் கவர்ந்தது. அதனைச் சீன மொழியில் வரைந்து தருமாறு வாங் பான் வேண்ட, ரிச்சி 1584ஆம் ஆண்டு அவ்வாறே செய்தார். தம் நாடே உலகின் நடுவே அமைந்தது என்று கருதிய மக்களுக்கு, உலகம் இத்துணைப் பரந்தது என்னும் செய்தி அதிர்ச்சியளித்தது. ரிச்சி சீனம் ஏறத்தாழப் படத்தின் நடுவே அமையுமாறு கோடுகளை மாற்றி வரைந்தார். நிலப்பரப்பில் எதனையும் அவர் பொய்யாக்கவில்லை. உருண்டையான உலகை எங்குப் பிளந்து விரிப்பது என்பதில் மட்டுமே சீனர் உள்ளத்திற்கு இடமளித்தார். உண்மையைக் கைவிடாமலே விட்டுக்கொடுத்தல் இயலும் என்பதற்கு அப்படம் சான்று.

எனினும் வாழ்க்கை எளிதாயில்லை. அயலார் மீது ஐயமுற்ற மக்கள் அவர்கள் வீட்டின்மேல் கல்லெறிந்தனர். 1588ஆம் ஆண்டு ருஜியேரி ஐரோப்பாவிற்குத் திரும்ப, அவர் மீண்டும் சீனம் காணவேயில்லை. 1589ஆம் ஆண்டு புதிதாய் வந்த ஆளுநர் ரிச்சியைச் சாவோசிங்கிலிருந்து வெளியேற்றினார். ரிச்சி வடக்கேயுள்ள ஷாவ்சௌ நகர் சேர்ந்தார். அங்கும் ஓரிரவு வீடு தாக்கப்பட்டதில் அவர் காலில் காயமுற்றார்.

பட்டாடை

ஷாவ்சௌவில் ரிச்சியை நாடி வந்த சீன அறிஞர் ஒருவர், சியூ தாய்சூ என்பவர், அவரிடம் கணிதம் கற்றார். மாணவராய் வந்த அவரே ஒரு வகையில் ஆசிரியருமானார். சீனச் சமுதாயத்தில் பௌத்தத் துறவியர்க்கு அக்காலத்தில் உயர்ந்த மதிப்பு இல்லை என்பதையும், நாட்டை ஆள்வோரும் அறிவால் வழிநடத்துவோரும் கன்பூசிய நூல்களில் தேர்ந்த கற்றோரே என்பதையும் அவர் எடுத்துரைத்தார். துறவிக் கோலத்தில் செல்லும்வரை கற்றோர் அவையில் சமமாக அமர இயலாது என்பது ரிச்சிக்குத் தெளிவாயிற்று.

பன்னிரண்டு ஆண்டுகள் அணிந்த கோலம் பொருந்தாக் கோலம் என்று ஒப்புக்கொள்வது எளிதன்று. ரிச்சி ஒப்புக்கொண்டார். வலிஞ்ஞானோவின் இசைவோடு முடியும் தாடியும் வளர்த்தார். 1595ஆம் ஆண்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டபோது, நீலக்கரையிட்ட ஊதாப் பட்டு அங்கியும் உயர்ந்த தொப்பியுமாகக் கற்றோர் கோலம் பூண்டார். லி மாதௌ என்னும் சீனப் பெயரால் அறியப்பட்டார்.

உடை மாற்றம் மட்டுமே அவரை உயர்த்திற்று என்று கருதுதல் பிழை. அவ்வுடைக்குரிய கல்வி அவரிடம் அதற்கு முன்பே இருந்தது. கன்பூசிய மரபின் 'நான்கு நூல்க'ளை ஆசான் ஒருவர் துணையோடு ஓதி, அவற்றை இலத்தீனத்தில் பெயர்க்கும் பணியில் அவர் ஏற்கெனவே ஈடுபட்டிருந்தார். அவ்வுழைப்பு இன்றி அந்தப் பட்டாடை நாடக வேடமாகவே முடிந்திருக்கும்.

நட்பும் நூலும்

1595ஆம் ஆண்டு நான்சாங் நகரில் தங்கிய ரிச்சி, தம் முதற் சீன நூலை இயற்றினார். பொருள்: நட்பு. சீன மரபு வகுத்த ஐவகை உறவுகளுள் நண்பர் உறவும் ஒன்று. கிரேக்க, உரோம அறிஞர்கள் நட்பைப் பற்றிக் கூறியவற்றைத் தொகுத்து, நயமான சீன நடையில் அவர் அளித்தார். சமயத்தைப் பற்றி வாதிடாமல், இருசாராரும் போற்றும் ஒரு பொருளில் தொடங்கியது அவர் கண்ட நெறி. கற்றோர் பலர் அந்நூலைப் படியெடுத்துப் பரப்பினர். எழுத்துகளை ஒருமுறை நோக்கிய அளவில் முன்னும் பின்னுமாக ஒப்புவிக்கும் அவரது நினைவாற்றலும், தேர்வுகளால் ஆளப்படும் அந்நாட்டில் பெரும் வியப்பை விளைத்தது.

1601ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ரிச்சி பெய்ஜிங் நகர் சேர்ந்தார். தாமே அடிக்கும் கடிகாரங்களும் நரம்பிசைக் கருவி ஒன்றும் அவர் அரசர்க்கு அளித்த பரிசில்களுள் அடங்கும். வான்லிப் பேரரசர் அவரை நேரில் காணவில்லை. அரண்மனையில் ஆளில்லா அரியணை முன்னரே ரிச்சி முறைப்படி பணிந்தார். எனினும் கடிகாரங்களைப் பழுது பார்க்கும் தேவை அவரைத் தலைநகரில் நிலைபெறச் செய்தது. 1602ஆம் ஆண்டு லீ சிசாவ் என்னும் அறிஞரோடு சேர்ந்து ஆறு பெரும் மடிப்புகளாக உலகப்படத்தை மீண்டும் வெளியிட்டார்.

அவர்தம் நட்புகளுள் தலையாயது ஷாங்ஹாயைச் சேர்ந்த சூ குவாங்சியோடு கொண்ட நட்பு. பின்னாளில் பேரரசின் உயர்ந்த அமைச்சர்களுள் ஒருவரான சூ, ரிச்சியுடன் அமர்ந்து யூக்ளிடின் வடிவ கணித நூலின் முதல் ஆறு பகுதிகளைச் சீனத்தில் பெயர்த்தார். ரிச்சி வாய்மொழியாகப் பொருள் கூற, சூ அதனைச் சீன நடையில் வடித்தார். 1607ஆம் ஆண்டு அந்நூல் வெளிவந்தது. வடிவ கணிதத்திற்கு அந்நூல் சூட்டிய 'ஜிஹெ' என்னும் பெயரையே சீன மாணவர் இன்றும் வழங்குகின்றனர். மலேசியாவின் சீனப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள், நானூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இத்தாலியரும் ஒரு சீனரும் கூடியிருந்து நிலைநாட்டிய சொல்லைத் தம்மையறியாமலே ஒலிக்கின்றனர்.

1610ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் ரிச்சி பெய்ஜிங்கில் காலமானார். சீனத்தில் இறந்த அயல்நாட்டுத் துறவியரை மக்காவிற்குக் கொண்டுசென்று அடக்கம் செய்வதே அதுவரை வழக்கம். அவர்க்கோ பேரரசரே தலைநகரில் அடக்க நிலம் வழங்கினார். கல்லெறி பெற்ற அயலான், அந்நாட்டு மண்ணிலேயே உறங்கும் உரிமை பெற்றான்.

மதுரையில் ஓர் எதிரொலி

ரிச்சி சீனத்தில் பட்டாடை பூண்ட அதே நெறி, சில ஆண்டுகளுக்குள் தமிழகத்திலும் தோன்றியது. 1606ஆம் ஆண்டு மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி, போர்த்துகீசியரைச் சார்ந்தவரை மக்கள் 'பரங்கி' என்று ஒதுக்குவதைக் கண்டார். காவி உடுத்து, புலால் நீக்கி, தமிழும் வடமொழியும் கற்று, தத்துவ போதகர் என்னும் பெயரோடு வாழ்ந்தார். ரிச்சியும் நொபிலியும் ஒருவரையொருவர் கண்டவரல்லர். வலிஞ்ஞானோ வகுத்த வழியே இருவரையும் இணைத்தது. இறைவனைக் குறிக்க ரிச்சியின் குழுவினர் 'தியன்சு', அதாவது வானத்தின் தலைவர் என்னும் சொல்லைத் தேர்ந்தனர். நொபிலி 'சருவேசுரன்' என்றார். ஒரு சொல்லைத் தேர்வதற்கே ஒரு மொழியின் முழு இலக்கியத்தையும் கற்க வேண்டியிருந்தது.

இந்நெறியிலும் குறையுண்டு. ஒரு நாட்டின் பண்பாடு என்பது ஒரே தளம் கொண்டதன்று. அதனோடு இயையப் புகுவோர், அதன் எத்தளத்தோடு இயைவது என்பதைத் தேர்ந்தாக வேண்டும். ரிச்சி கற்றோரைத் தேர்ந்தார். அதனால், தாம் முன்பு எவர் உடையை அணிந்திருந்தாரோ அந்தப் பௌத்தரைக் கடுமையாகச் சாடினார். நொபிலி உயர்குலத்தாரைத் தேர்ந்தார். அதனால், முன்னரே கிறிஸ்தவராயிருந்த எளிய மக்களினின்று தம்மைப் பிரித்து வைத்துக்கொண்டார். சாதி வேற்றுமை அவர் வகுத்த நெறியினுள்ளும் இடம் பெற்றது. விருந்தினன் வீட்டாரின் நல்ல பழக்கங்களோடு அவர்தம் அநீதிகளையும் ஏற்றுக்கொள்ளும் இடர் இதில் உண்டு. இதனை மறைத்து அவர்களைப் புகழ்வது வரலாறாகாது.

தொலைவிலிருந்து வந்த தீர்ப்பு

சீன வீடுகளில் மூதாதையர் பெயர் பொறித்த பலகையும் அதன்முன் எரியும் ஊதுவத்தியும் மலேசியத் தமிழர் நாள்தோறும் காணும் காட்சி. சிங்மிங் நாளில் சீனர் குடும்பத்தோடு கல்லறைகளுக்குச் சென்று துப்புரவு செய்து படையலிடுவதையும் அவர்கள் அறிவர். கிறிஸ்தவ நெறியை ஏற்ற சீனர் இவற்றைத் தொடரலாமா? பெற்றோரையும் ஆசானையும் நன்றியோடு நினைவு கூரும் குடிமைச் சடங்கு இது என்று ரிச்சி முடிவு செய்தார். ஆகவே அதனைத் தடுக்கவில்லை. தன் முன்னோரைக் கைவிடாமலே ஒரு சீனன் புதிய நெறியில் சேரலாம் என்றாயிற்று. மக்காவின் பழைய வழக்கத்திற்கு நேர்மாறான நிலை இது.

ரிச்சி மறைந்தபின் இது குறித்துப் பெரும்பூசல் எழுந்தது. பின்னர் வந்த வேறு சபைத் துறவியர் அச்சடங்கு உருவ வழிபாடே என்றனர். வழக்கு உரோமைக்குச் சென்றது. போப்பாண்டவரின் தூதராகப் புறப்பட்ட தூர்னோன் என்பவர், வழியில் 1703ஆம் ஆண்டு புதுச்சேரியில் இறங்கினார். அங்குச் சில திங்களே, அதுவும் நோயுற்றுத் தங்கிய அவர், 1704ஆம் ஆண்டு தமிழகத்துச் சடங்குகள் பலவற்றைத் தடை செய்யும் ஆணையைப் பிறப்பித்துவிட்டுச் சீனம் சென்றார். காங்ஸிப் பேரரசர் அவரை வரவேற்றுப் பேசினார். உரையாடிய பின் மனம் கசந்தார். லி மாதௌவின் நெறியைப் பின்பற்ற உடன்படும் துறவியரே சீனத்தில் தங்கலாம் என்று 1706ஆம் ஆண்டு அவர் ஆணையிட்டார். இறந்து ஏறக்குறைய நூறாண்டு கடந்த ஓர் அயலாரின் வாழ்க்கைமுறை, பேரரசின் ஆணையிலேயே அளவுகோலாக இடம்பெற்றது.

உரோமை 1715ஆம் ஆண்டு தடையை உறுதி செய்தது. அதனைப் படித்த காங்ஸி, சீன நூல்களைப் படித்தறியாதவர்கள் சீன நெறிகளைப் பற்றித் தீர்ப்புக் கூறுவதா என்று சினந்து, இனி அச்சமயம் பரப்ப வேண்டா என்று 1721ஆம் ஆண்டு எழுதினார். அவர்க்குப் பின்வந்த யோங்செங் 1724ஆம் ஆண்டு அதனை முற்றிலும் தடை செய்தார். ஓவியர் தீட்டிய குதிரைப் படத்திலிருந்து தொடங்கி நூற்றைம்பது ஆண்டுகளாகக் கட்டிய பாலம் இடிந்தது. மூதாதையர் சடங்குகளுக்கு இருந்த தடையை உரோமை 1939ஆம் ஆண்டு தளர்த்தியது. அடுத்த ஆண்டு தமிழகத்துச் சடங்குகள் பற்றிக் குருமார் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழியும் நீக்கப்பட்டது. ரிச்சி கூறியது ஏற்கப்பட ஏறத்தாழ முந்நூற்று முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

இவ்வரலாற்றில் இருவகைப் பயணிகள் காணப்படுகின்றனர். தூர்னோன் தீர்ப்பைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தார்; அவர் கற்க வேண்டியது ஒன்றும் இருப்பதாக அவர்க்குத் தோன்றவில்லை. ருஜியேரியும் ரிச்சியும் கற்பிக்கும் நோக்கத்தோடு வந்தவர்களே. ஆனால் வாயிலில் அவர்கள் மாணாக்கராக அமர்ந்தனர். ஓவியரிடம் எழுத்துக் கற்றனர். ஆசானிடம் நூல் கற்றனர். மாணவர் ஒருவரிடம் தம் உடை தவறென்றும் கற்றனர். சீனம் அவர்களுக்கு இடம் தந்தது அந்தப் பணிவிற்காகவே. அயல் மண்ணில் வாழப் புகுவோர்க்கும், அயலாரை அண்டை வீட்டாராகப் பெற்றோர்க்கும் செய்துகொள்ளத்தக்க ஆயத்தம் இதனினும் மேலானது பிறிதொன்று இல்லை.